தொண்டைக்குள் அரைகல்

மே மாதத்தில் முட்டையிடக் கரையோரம் வரும்போதுதான் எங்கள் ஏரிக்காரர் சிப்பியுடைப்பான் மீனைப் பிடிப்பர். கோடையில் அது எந்த ஆழத்துக்குப் போகிறதென்று கேட்பாரில்லை. ஆகஸ்டில் தேடுவோரைக் கண்டால் சிரிப்பர். அவ்வாண்டு தேடியவர் என் அண்ணி வெர்லீன்.

அண்ணன் ஏமஸுக்குத் தொண்டையில் அறுவை நடந்திருந்தது. புண் ஆறிவிட்டது, இனி உண்ணலாம் என்றார் மருத்துவர். ஆயினும் விழுங்க அஞ்சி, குழாய்வழி இறங்கும் பாலை நம்பியே அண்ணன் மெலிந்துகொண்டிருந்தார். எதைச் சமைத்தால் உண்பீர் என அண்ணி மன்றாடியபோது, பேச இயலாதவர் தம் காதின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். காதுபோல் நீண்ட செவுளின் ஓரம் சிவந்த மீன் எங்கள் ஏரியில் சிப்பியுடைப்பான் ஒன்றே.

நானும் அண்ணியும் ஏரி நடுவே, தூண்டில் ஈயம் அடியில் இழுபட, படகைக் காற்றோடு நழுவவிட்டோம். சேற்றில் ஈயம் ஊமையாய்ச் சென்றது. ஏரிக்குள் மூழ்கிப்போன பழைய ஆற்றின் வளைவை அடைந்ததும் விரலில் டிக் டிக் என்று தட்டிற்று: சிப்பிப் படுகை. ஆழமில்லாத நீரில் பழகிய என் கை, தட்டிய போதெல்லாம் தூண்டிலைச் சுண்டியது.

"கை சும்மா இருக்காதா டால்பர்ட்? சிப்பியவா பிடிக்க வந்த?"

"அப்ப மீன் கடிச்சா எப்படித் தெரியும் அண்ணி?"

"தட்டுறது நிக்கும். ஈயத்தையும் சேத்துத் தூக்கிருமில்ல."

வெயில் உச்சியேறிற்று. அண்ணியின் உதடுகள் ஓசையின்றித் துதிப்பாடல் ஒன்றை முணுமுணுத்தன. சட்டென அவர் விரல் அசைவற்றது. தட்டல் நின்றிருந்தது.

தூண்டில் வில்லாய் வளைந்தது. கரும்பச்சை ஆழத்தில் முதலில் ஒரு வெளிறல், பின் பொன், பின், உணவுத் தட்டின் அகலத்தில், செவுளோரம் தணலாய்ச் சிவக்க ஒரு மீன் எழுந்து வந்தது. மே மாதத்தில் கரையோரம் வரும் எதுவும் அதில் பாதிகூட இராது. இரு கையாலும் ஏந்திய அண்ணி மூச்சடக்கி, என் விரலை அதன் தொண்டையில் வைத்தார். உள்ளே அரைகல் சுழல்வதுபோல் நறநறத்தது. ஒளி புகாத அடியில் சிப்பியோட்டை நொறுக்கி உணவாக்கும் வல்லமையை இத்துணைச் சிறு கழுத்துக்குள் வைத்தவனை நினைந்து இருவரும் வியந்தோம்.

தொட்டி நீரில் வீட்டுக்கு உயிரோடு கொண்டுவந்த மீனின் தொண்டையில் அண்ணனும் விரல் வைத்தார். அரைப்பு நிற்கவில்லை. அவரது மறுகை மெல்ல எழுந்து தம் தழும்பை மூடிற்று. பின் அடுப்பை நோக்கித் தலையசைத்தார். அண்ணி சோளமாவில் புரட்டிப் பொரித்து, முள் நீக்கி ஒரு துண்டை நீட்டினார்.

அண்ணன் கண்மூடி மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அண்ணியின் கை காற்றிலேயே நின்றது. தழும்பு ஒருமுறை ஏறி, இறங்கியது.

கண் திறந்த அண்ணன் மீண்டும் காதைத் தொட்டுக் காட்டினார்.