நாலாவது போல்ட்

கணவன் விழுந்து செத்த விமானத்தின் எஞ்சின் சட்டத்தை வெல்டிங் வைத்தவள் அவள்தான். அதனால் யார் மேல் பழி என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை.

சொன்னவர் கேப்டன். கேப்டன் என்றால் எந்தக் கப்பலுக்கும் இல்லை. கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவரானதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய கணவனும் அவரும் சேர்ந்துதான் அந்தச் சின்ன விமானத்தைக் கட்டினார்கள். அடிபட்ட கார் ஒன்றிலிருந்து ரோட்டரி எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். பிஸ்டன் மேலும் கீழும் ஓடாமல், உள்ளே முக்கோண வடிவ இரும்பு ஒன்று சுற்றும் எஞ்சின். அதை விமானத்தின் மூக்கில் தாங்குவதற்கு இரும்புக் குழாயில் அவள் சட்டம் செய்தாள். எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கிற தகட்டுக்குத் துளை போட்டவர் கேப்டன்.

வானத்தில் சட்டம் முறிந்து எஞ்சின் தொங்கிப்போனது. வீட்டுக்கு வந்தது உடல்தான். உடைந்த விமானத்தை வேறு யாரும் பார்ப்பதற்குள் கேப்டன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். "பாத்தா மனசு தாங்காது" என்றார். அப்புறம் கேட்டவர்களிடமெல்லாம், "தங்கச்சி வெல்டிங் விட்டுப்போச்சு. பாவம், அவளும் என்ன பண்ணுவா" என்று சொல்லி உச்சுக்கொட்டினார். அந்தப் பாவம்தான் அவளை அதிகமாக எரித்தது.

மாமனார் வாசலிலேயே நின்று, "உன் கையாலயே அவனை அனுப்பிட்டியே" என்றார். அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவளுடைய வெல்டிங் பட்டறைக்கு கேட்டும் கிரில்லும் செய்யச் சொல்லி வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் விடக் கொடுமை, அவளுக்கே தன் கை மேல் சந்தேகம் வந்ததுதான். ஒட்டிய குழாயை அறுத்து உள்ளே பார்ப்பாள். நன்றாகத்தான் இருக்கும். மறுபடி ஒட்டுவாள், மறுபடி அறுப்பாள்.

கடைசியில் அதே வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு விமானம் கட்ட ஆரம்பித்தாள். புருஷன் மேல் இருந்த ஆசையால் கட்டுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஆசையெல்லாம் இல்லை. தன் சட்டம் தாங்குமா, தாங்காதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதே மாதிரி ரோட்டரி எஞ்சின் ஒன்று கிடைத்தது. தகட்டுக்கு அலையவேண்டியிருக்கவில்லை. முதல் விமானத்துக்காக கேப்டன் இரண்டு தகடுகளை ஒன்றாகக் கவ்வி ஒரே மூச்சில் துளை போட்டிருந்தார். உபரித் தகடு அவள் பட்டறை அலமாரிக்கு அடியில் கிடந்தது. அதைத் துடைத்து, புதிதாகச் செய்த சட்டத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று போல்ட் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கின. நாலாவது இறங்கவில்லை. துளை ஒரு நகக்கண் அளவு விலகியிருந்தது.

சட்டத்தை அளந்தாள். சரியாக இருந்தது. தகட்டை அளந்தாள். பிசகு தகட்டில்தான். எஞ்சின் மாட்டிய அன்று கணவன் வீட்டுக்கு வந்து சொன்னது காதில் விழுந்தது. "நான் வேலை முடிஞ்சு போறதுக்குள்ள கேப்டனே மாட்டி முடிச்சுட்டாரு. கொஞ்சம் முரண்டு புடிச்சுதாம், சமாளிச்சுட்டாராம்."

முரண்டு பிடித்த துளையை நெம்பி, போல்ட்டை இழுத்து முறுக்கியிருக்கிறார். அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டே எஞ்சின் அதிர, குழாய் எத்தனை நாள் பொறுக்கும்? அவள் அழவில்லை. பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் தகட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தாள். சங்கத்துக்குப் போய், "எஞ்சின் மாட்டப்போறேன் அண்ணே. நீங்க கூட இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்றாள். கேப்டன் பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சங்கத்து ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலில் அவர்களையே சட்டத்தை அளக்கச் சொன்னாள். வாலிலிருந்து மூக்குவரை நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, சங்கத்து உறுப்பினரான பல் டாக்டர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இம்மி பிசகலை" என்றார். அதற்கப்புறம் கூரையில் தொங்கிய சங்கிலிக் கப்பியில், செயின் பிளாக்கில், எஞ்சினை மெல்ல இறக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று போல்ட் ஏறின.

"நாலாவது ஏற மாட்டேங்குது அண்ணே. என்ன பண்றது?"

கேப்டன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இது ஒரு விஷயமா? கடப்பாரையால லேசா நெம்பு. ரெண்டு வாஷர் போட்டு இழுத்து முறுக்கு, தானா உக்காந்துக்கும். இந்த எஞ்சினுக்கு அது எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா? இதுக்கு முன்னாடி எப்ப மாட்டினீங்க?"

கேப்டன் கடப்பாரையைத் தேடுகிற மாதிரி திரும்பினார்.

"சொல்லுங்க அண்ணே. ஒரே ஒரு தடவைதானே மாட்டியிருக்கீங்க? அன்னிக்கும் நெம்பித்தான் ஏத்தினீங்களா?" அவள் உளியால் தகட்டின் கறுப்பைச் சுரண்டினாள். மூலையில் கேப்டனின் பட்டறை முத்திரை தெரிந்தது. "இது நீங்க துளை போட்ட தகடு. அதோட ஜோடி எங்க போச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

பல் டாக்டர் தகட்டை வாங்கித் தானே அளந்தார். அளந்துவிட்டு கேப்டனின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

எல்லாரும் போனபின் கேப்டன் தனியாக நின்றார். "தங்கச்சி, தெரிஞ்சு பண்ணலைம்மா. பயந்துட்டேன். என்னை மன்னிச்சிரு."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எங்கெல்லாம் போய் என் வெல்டிங்னு சொன்னீங்களோ, அங்கெல்லாம் போய் உங்க துளைன்னு சொல்லுங்க. வாங்க, நானும் வரேன்."

"நானே போய் சொல்லிடறேன்மா."

"உங்களை நம்பி ஒருதடவை விட்டாச்சு. வண்டியை எடுங்க."

கேப்டனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் ஒவ்வொரு இடமாகப் போனாள். டீக்கடையில் அவர் முணுமுணுத்தார். "கேக்கலை, சத்தமா" என்றாள். இரும்புக் கடையில் சொன்னார். கேட் செய்ய வந்து திரும்பிப்போன வீடுகளில் கதவைத் தட்டிச் சொன்னார். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடித்தாள், அவர் டம்ளரை அப்படியே திருப்பிக் கொடுத்தார். நடுவில் ஒருமுறை வண்டியை ஓரம் கட்டி, "போதும்மா, நானும் மனுஷன்தானே" என்று கண்ணைத் துடைத்தார். தனக்கு இரக்கம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. "இன்னும் ஒரு வீடு இருக்கு" என்றாள்.

மாமனார் வாசலில் கேப்டன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கிழவர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு கேப்டனைத் தாண்டி அவளைப் பார்த்து, "உள்ள வாம்மா" என்றார்.

அந்த இரண்டு சொற்களுக்காக அவள் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். 'உன் கையாலயே' என்ற அந்தக் குரலும் இதே வாயிலிருந்துதான் வந்தது.

"இல்ல மாமா. புதுசா தகடு வெட்டி வெச்சிருக்கேன். எஞ்சின் பாதியில தொங்குது" என்றாள்.

கேப்டன் வண்டியைக் கிளப்பக் காத்திருந்தார். அவள் ஏறவில்லை, நடந்தே பட்டறைக்குப் போனாள்.