மதியத்தை இரவாக்கிய எக்கார்ட்

லைப்சிக் நகரத்து ட்ராம் வண்டியை முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவர் எக்கார்ட் வோல்னி. அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நேரத்துக்கு முன்னால் கிளம்பியதில்லை. தாமதமாகக் கிளம்பியதுண்டு, ஆனால் அதற்கெல்லாம் மற்றவர்கள்தான் காரணம். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. காலை முட்டையை நான்கரை நிமிடத்தில் இறக்குவார். ஐந்து நிமிடம் ஆகிவிட்டால் முட்டையிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் ஜூலை மாதம் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, தன் வீட்டுச் சின்ன அறையில் நின்றுகொண்டிருந்தார். கறுப்புத் துணிக் கூடாரத்தின் ஜிப்பை இழுத்தவுடன் அடுப்பைத் திறந்தாற்போல அனல் முகத்தில் அறைந்தது. உள்ளே வெப்பமானி முப்பத்தேழு காட்டியது. மூன்று கஞ்சாச் செடிகளும் இலைகளின் ஓரத்தை மேலே மடித்துக்கொண்டு, குட்டிப் படகுகளைக் கோத்துத் தொங்கவிட்டது போல நின்றன.

"ரெகீனா, கொஞ்சம் இங்க வாயேன்" என்றார்.

மனைவி ரெகீனா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டபடி வந்து எட்டிப் பார்த்தாள். "செத்துருச்சா?"

"இல்ல. யோசிச்சிட்டு இருக்கு."

"நீ கத்தாழைய வளத்தப்பவும் இதான் சொன்ன."

அவள் சொன்னதில் பொய்யில்லை. எக்கார்ட் கைபட்டு ஒரு செடியும் உருப்பட்டதில்லை. பால்கனித் தக்காளி கறுத்தது; பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது ஒப்படைத்த துளசி இரண்டே நாளில் விடைபெற்றது. ஊரிலேயே அழிக்க முடியாதது என்று கடைக்காரன் கொடுத்த கத்தாழையும் அழுகியது. ஆளுக்கு மூன்று செடி வீட்டில் வளர்க்கலாம் என்று சட்டம் வந்தபோது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "இதையாவது நான் வளத்துக் காட்டுறேன்" என்று குடும்ப விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மனிதர்களை வீடு சேர்த்தே ஆயுள் போய்விட்டது, தன் கையால் ஒன்றாவது வளர வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அதை மட்டும் விருந்தில் சொல்லவில்லை.

வசந்த காலத்தில் போட்ட முதல் மூன்று செடிகளும் அவர் ஊற்றிய தண்ணீர் தாங்காமல் அழுகின. இது இரண்டாவது முயற்சி, கடைசியும்கூட. ரெகீனா தன் தையல் அறையைக் கொடுத்தபோதே கெடு வைத்துவிட்டாள்: ஆகஸ்ட் முடிவதற்குள் அறுவடை இல்லையென்றால் அறை அவளுடைய தம்பி லோத்தாருக்கு. லோத்தாரிடம் பொம்மை ரயில் இருந்தது. பொம்மை மலையும் இருந்தது. வைக்க இடம்தான் இல்லை. இரண்டு நாளுக்கொருமுறை போன் செய்து, "மச்சான், துக்கம் விசாரிக்க எப்ப வரட்டும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

செடியும் பொறுமைக்காரச் செடியில்லை. சாதாரணக் கஞ்சா இருட்டைப் பார்த்துப் பூக்கும். வெளிச்சத்தைக் குறைக்காமல் எத்தனை வாரம் வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். எக்கார்ட் வாங்கிய இந்தத் தானே பூக்கும் ரகம் வயதைப் பார்த்துப் பூக்கும். நான்காவது வாரம் வந்தால் மொட்டு விடும், பத்துப் பதினோரு வாரத்தில் கதை முடிந்துவிடும். நடுவில் ஒரு வாரம் வாடினால் அந்த வாரம் போனது போனதுதான். அது எந்த நிறுத்தத்திலும் காத்திருக்காத வண்டி என்பதாலேயே எக்கார்டுக்குப் பிடித்திருந்தது. செடிகளுக்கு ட்ராம் தடங்களின் எண்ணையே பெயராக வைத்திருந்தார்: நான்கு, ஏழு, பதினொன்று.

ரெகீனா கூடாரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். "எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் ஓடல?"

"மணி ரெண்டு பத்து."

"தெரியுது. அதனால?"

"மதிய அமைதி நேரம். ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும். கீழ் வீட்டு அம்மா படுத்திருப்பாங்க."

"சரி. அப்ப விளக்கு ஏன் எரியுது?"

"விளக்கு சத்தம் போடாதே."

ரெகீனா விளக்கையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தாள். துண்டால் நெற்றியைத் துடைத்தாள். எக்கார்ட் தான் சொன்னதைத் தானே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். விதை வந்த அட்டைப் பெட்டியில் பதினெட்டு மணி நேரம் வெளிச்சம் என்று போட்டிருந்தது. அவர் காலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை விளக்கை எரித்தார். வீட்டு விதிகளில் மதியம் சத்தம் கூடாது என்று போட்டிருந்தது; ஃபேனை நிறுத்தினார். இரண்டு அட்டவணைக்கும் ஒரு வினாடி பிசகாமல் கட்டுப்பட்டு, ஐந்தாவது மாடியில், கூரை ஓட்டுக்கு அடியில், நாளின் உச்ச வெயிலில், மூன்று செடிகளை மூடி போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு கழுதை" என்றார்.

"கழுதை நிழல் பாத்து நிக்கும்" என்றாள் ரெகீனா. பிறகு கொஞ்சம் இரங்கினாள். "நான் ரொட்டி ஃபேக்டரியில இருபத்தேழு வருஷம் ராத்திரி ஷிப்ட் பாத்தேன். மதியம் ஒரு மணிக்கு ஜன்னலை அடைச்சிட்டுப் படுப்பேன். எது ராத்திரின்னு எனக்கு ஃபேக்டரிதான் சொல்லுச்சு. இதுங்களுக்கு யாரு சொல்றது?"

"நான்தான். டைமர் வழியா."

"அப்ப மாத்திச் சொல்லேன். வெயில் நேரத்துல தூங்கட்டும்."

எக்கார்ட் உடனே விளக்கை அணைத்துவிட்டு டைமரைக் கையில் எடுத்தார். மதியம் ஒன்றிலிருந்து ஏழு வரை இருட்டு. இரவு ஏழிலிருந்து மறுநாள் ஒரு மணி வரை வெளிச்சம். அதே பதினெட்டு மணி நேரம்தான். விளக்கின் சூடு குளிர்ந்த இரவில் சேரும், பகல் சூட்டோடு சேராது. அட்டவணை பார்த்தே முப்பத்திரண்டு வருடம் பிழைத்த மனிதனுக்கு இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடித்த கை பாதியில் நின்றது. இரவெல்லாம் விளக்கு என்றால் இரவெல்லாம் ஃபேன். கீழே ஸைபோல்ட் அம்மா.

டோரிட் ஸைபோல்ட் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவள். ஜூன் மாதமே மாடிப்படியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: 'மேல்மாடியிலிருந்து மதிய நேரத்தில் ஒரு சுருதி வருகிறது. அதுவும் சுத்தமான சுருதி இல்லை.' அந்தச் சீட்டுக்குப் பயந்துதான் எக்கார்ட் ஃபேனை நிறுத்தத் தொடங்கியதே.

மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு அவளுடைய அழைப்பு மணியை அடித்தார்.

"மேடம், ஒரு உதவி. எங்க ஃபேனை ராத்திரி பூரா ஓட்டணும்."

அவள், உள்ளே பூந்தொட்டி கவிழ்ந்த பியானோவைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். "மதியம் ரெண்டு மணி நேரத்துக்கே நான் சீட்டு ஒட்டுனேன் வோல்னி சார். இப்ப ராத்திரி பூராவா? நல்ல முன்னேற்றம்."

"ஓட்டலன்னா என் மூணு செடியும் செத்துரும். என் மச்சான் ரயிலோட வந்துருவான்."

"ரயிலா?"

"பொம்மை ரயில். விசிலும் உண்டு."

ஸைபோல்ட் அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். மேலே வந்து ஃபேனை ஓடவிடச் சொன்னாள். ஃபேன் பக்கமே போகவில்லை. சுவரோரம் சாய்வாக இறங்கும் மர உத்தரத்தில் காதை வைத்தாள், உள்ளங்கையை வைத்தாள்.

"ஃபேன் மேல குத்தமில்ல. உங்க உத்தரம் பாடுது. பியானோவுல கம்பி மெல்லிசாத்தான் முனகும், கத்துறது பலகை. நீங்க ஃபேனை உத்தரத்துலயே திருகி வச்சிருக்கீங்க. இந்த உத்தரம் நேரா என் தலைமாட்டுக்கு வருது. நீங்க செடி வளக்கல சார், எனக்கு வாத்தியம் செஞ்சு குடுத்திருக்கீங்க."

மறுநாள் எக்கார்ட் தன் ஆயுளில் காட்டாத வேகத்தைக் காட்டினார். திருகாணிகளைக் கழற்றினார். சின்ன ஃபேன் முழு வேகத்தில் அலறுவதைவிடப் பெரிய ஃபேன் பாதி வேகத்தில் அமைதியாக வேலை செய்யும் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மாற்றி வாங்கினார். பழைய சைக்கிள் ட்யூப் நான்கை வெட்டி, கூடாரத்துக் கம்பிகளிலிருந்து ஃபேனைத் தொட்டில் போலத் தொங்கவிட்டார். வாசனை படியிறங்காமலிருக்க கரி வடிகட்டியைப் பொருத்தினார். அதுவரை சூடான காற்றுக் குழாய் அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. ஊதியதையே கூடாரம் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. குழாயைக் கூரை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சுற்றியிருந்த இடைவெளியைத் துணியால் அடைத்தார். கீழ்ப்புற வலைத் துவாரங்களைத் திறந்து, குளிர்ந்த காற்று தரையோரமாக நுழைய வழிவிட்டார். விளக்கை ஒரு சாண் உயர்த்தினார். மூன்று இடத்தில் கையைக் கிழித்துக்கொண்டார். நான்காவது இடத்தை ரெகீனா பார்த்துத் தடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை. ஸைபோல்ட் அம்மா கீழே தன் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தாள். மேலே எக்கார்ட் வியர்வையோடு நின்றார்.

"ஆன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன் மேடம்."

"கேக்கல. ஆன் பண்ணுங்க."

"அஞ்சு நிமிஷமா ஓடிட்டுதான் இருக்கு."

மறுமுனையில் அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "பெருமூச்சு மாதிரி ஒண்ணு வருது" என்றாள்.

"அது நான்."

அன்று இரவு ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. ரெகீனா ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துவிட்டாள். காலை எட்டு மணிக்கு எக்கார்ட் ஜிப்பை இழுத்தபோது இருபத்தைந்து காட்டியது. நம்பாமல் வெப்பமானியைத் தட்டினார். அப்போதும் இருபத்தைந்துதான். நான்காம் எண்ணும் ஏழாம் எண்ணும் இலைகளை விரித்து, கையை நீட்டி நின்றன. பதினொன்று மட்டும் கீழ் இலைகளை உதிர்த்துவிட்டுக் குட்டையாக, கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றது. "உன்னைத்தான் ரொம்பப் படுத்திட்டேன்" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னார். ரெகீனா கதவருகில் நின்று கேட்டுவிட்டாள். கேட்காத மாதிரி போய்விட்டாள்.

ஆகஸ்டில் வெயில் இன்னொரு ஆட்டம் ஆடியது. வெளியே முப்பத்தாறு. கூடாரத்துக்குள் இருட்டில் செடிகள் மதியத் தூக்கம் போட்டன. பக்கத்து அறையில் ரெகீனாவும் போட்டாள். மொட்டுகள் கோத்து, தடித்து, விரல் பருமனாகி, பிறகு பூக்குலைகளானதும் தண்டு பாரம் தாங்காமல் சாய்ந்தது. எக்கார்ட் நூலால் கட்டிவிட்டார். பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் பிசின் முத்துகள் பாலாகத் தெரிந்தன; அறுவடைக்கு நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். கோபக்காரப் பதினொன்று உயரமே வளரவில்லை. வளர வேண்டியதையெல்லாம் ஒரே குலையில் திணித்து வைத்திருந்தது. மூன்றிலும் அதுதான் கனத்த குலை.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை லோத்தார் ஐந்து மாடி ஏறி வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஏழு பெட்டிகளோடு வந்திருந்தான். கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கியவன், படிக்கட்டில் மூக்கை விடைத்து மோந்து பார்த்தான்.

"வாசனையே இல்லையே மச்சான். அப்ப அடக்கம் முடிஞ்சாச்சா?"

எக்கார்ட் அவனை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், ட்ராம் கதவைத் திறக்கிற நிதானத்தோடு ஜிப்பை இழுத்தார்.

வாசனை லோத்தாரை இரண்டடி பின்னால் தள்ளியது. அவன் வாயைத் திறந்தான், மூடினான், அக்காவைப் பார்த்தான்.

"இவரா வளத்தாரு?"

"இவருதான்" என்றாள் ரெகீனா. "அறையும் இவருக்குத்தான். பேச்சு பேச்சுதான்."

ஏழு பெட்டிகளும் கீழே இறங்க வேண்டும். கனமான ஐந்தை எக்கார்டே சுமந்தார். முதுகு விண்ணென்று வலித்தது; வாயோ சீட்டி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் லோத்தார் நின்றான். மலை வைத்த பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று மேலும் கீழும் பார்த்தான்.

"மச்சான், ஒண்ணு கேட்டா சிரிக்கக்கூடாது. எங்க வீட்டுல அடித்தள அறை ஒண்ணு இருக்கு. அங்ககூட இது வருமா?"

செடிகள் விஷயத்தில் எக்கார்ட் வோல்னியிடம் யோசனை கேட்ட முதல் மனிதன் அவன். எக்கார்ட் தன் பெட்டியை நிதானமாக இறக்கிவைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"வரும் வரும்" என்றார். "முதல்ல காத்து எந்தப் பக்கமா வெளிய போகும்னு சொல்லு."