நெவேனாவின் எட்டு ஆம்பியர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, அதுவாகக் கதவைத் தட்டியது. செப்டம்பர் மாதம். பிளெவன் நகரத்து பால்கனிகளில் எல்லாரும் காரமில்லாத பெரிய சிவப்பு மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு நெவேனா, மிளகாயை உள்ளே இறக்கிச் சுடும் குடுவை போன்ற மின்னடுப்பைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

"ஒரு நிமிஷம் உன் பிளக்குல சொருகிப் பாக்கணும்ப்பா. எங்க வீட்டுல முடியாது. டோப்ரியோட மூச்சு அந்த லைன்லதான் ஓடுது."

டோப்ரி அவள் கணவர். ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். அந்த வீட்டுக்கு மொத்தமும் ஒரே பியூஸ், பத்து ஆம்பியர்.

2

(முதல் வரைவில் அவளை இயற்பியல் ஆசிரியை ஆக்கியிருந்தேன். பொய். அவள் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டியவள். பாதைக்குச் சமமாக மீட்டர் முள்ளையும் பார்த்தே பழகியவள்.)

அந்தி வெயில் அவள் முகத்தில் பட்டு...

வேண்டாம். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. என் பிளக்குக்கும் அடுப்புக்கும் நடுவே அவள் மாட்டிய மீட்டரைத்தான் பார்த்தேன். வோல்ட் இருநூற்று இருபது, ஆம்பியர் எட்டு.

"புதுசுல அஞ்சுதான் இழுத்துச்சு," என்றாள். "இருநூத்தி இருபதை அஞ்சால வகுத்தா தடை நாப்பத்திநாலு ஓம். இப்ப எட்டால வகு. இருபத்தேழரை. பெருக்கிப் பாரு, ஆயிரத்து நூறு வாட் அடுப்பு ஆயிரத்து எழுநூத்தி அறுபது ஆயிருச்சு!"

காகிதம் இல்லை, விரல் விடவும் இல்லை. அசந்துபோனேன். என் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமே என்றேன்.

"நூல் மாதிரி இருக்கிற உன் ஒயருலயா? எட்டு ஆம்பியர் போனா உருகிடும்." முறைத்துவிட்டுப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

3

"அடியே, நாந்தானே அடுப்புச் சுருள் அறும்போதெல்லாம் முறுக்கி ஒட்டவச்சேன்," என்றார் டோப்ரி, மூச்சு வாங்கியபடி. "கம்பி குட்டையானா கரண்டும் கம்மியாத்தானே இழுக்கும்?"

"யோவ், குட்டையானா தடை குறையும். தடை குறைஞ்சா கரண்ட் கூடுதலாத்தான் பாயும். ஊர்ல எல்லா ஆம்பளைங்களும் இப்படித்தான் முறுக்கிக் கெடுத்து வச்சிருக்கீங்க."

டோப்ரி சிரிக்கப் பார்த்து இருமினார். "அப்ப சுட வேணாங்கிறியா? எனக்குத் திங்க வேணாம் நெவேனா. வாசனை வந்தாப் போதும். அடுத்த செப்டம்பர் எனக்கு..."

(அவர் நிறுத்திய இடத்திலேயே நானும் நிறுத்துகிறேன்.)

நெவேனா கணக்குக் கூட்டினாள். அடுப்பு எட்டு, ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று புள்ளி ஆறு, குளிர்பெட்டி ஒன்று. பத்தைத் தாண்டுகிறது. குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கை அணைத்தாள். ஆக்சிஜன் குழாய் எட்டாத தூரத்தில், பால்கனிக் கோடியில் அடுப்பை வைத்து ஒரு மிளகாயை உள்ளே இறக்கினாள். அப்புறம் டோப்ரியின் மார்பையே பார்த்துக்கொண்டு சுவிட்சில் கை வைத்தாள். அவள் பயந்திருந்தாள்.

4

முடிவுக்கு வருவோம். பியூஸ் போகிறது, இயந்திரம் நிற்கிறது, இருட்டில் மிளகாய் வாசனை மட்டும் வருகிறது. இப்படி ஒன்று எழுதினேன், நன்றாகவே வந்தது. பத்திரிகைக்காரர்கள் கொத்திக்கொண்டு போவார்கள்.

ஆனால் எழுதிய கையோடு கூட்டிப் பார்த்தேன். ஒன்பது புள்ளி ஆறு. பத்துக்கு உள்ளே. நெவேனாவின் கணக்கு என் கதையை அனுமதிக்கவில்லை. எத்தனையோ பேரைக் கதைகளில் கூசாமல் கொன்றிருக்கிறேன், இந்த மனிதரை என்னால் தொட முடியவில்லை.

உங்களுக்குச் சோக முடிவுதான் வேண்டுமா? குளிர்பெட்டியின் பிளக், அந்த ஒரு ஆம்பியர், தரையில் கிடக்கிறது. எழுந்துபோய் நீங்களே சொருகுங்கள்.