காகிதத்தில் இருபது வயது

எங்கள் தொழிலில் வயது பிறந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, மேடையேறிய நாளிலிருந்து தொடங்குகிறது. போன மாதம் மேடையேறிய பதினாறு வயதுப் பெண், இந்த மாதம் மேடையேறும் இருபத்தைந்து வயதுக்காரிக்கு சீனியர். நேருக்கு நேர் வந்தால் பெரியவள்தான் இடுப்பு ஒடியக் குனிய வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் அவரிடம் கேட்க என்னிடம் நிறைய இருக்கிறது.

சோல்பியும் தூனாவும் நானும் சியோலில் ஆட்டபாட்டக் குழுக்களை உருவாக்கும் ஒரே கம்பெனியில் பயிற்சி எடுத்தவர்கள். ஒரே அறை, அடுக்குக் கட்டில். சோல்பிக்கும் எனக்கும் ஒரே வயது. தூனா எங்களைவிட மூன்று வயது சின்னவள். பள்ளிச் சீருடையோடு நேராக ஆட்டக் கூடத்துக்கு ஓடி வருவாள். போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். காலையில் எடை பார்ப்பார்கள். கூடியிருந்தால் அன்றைக்கு ராத்திரி சோறு கிடையாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்வார்களே, அதற்கு நாங்கள் விளம்பரமே கொடுக்கலாம்.

தூனாவுக்கு மட்டும் பசி தாங்காது. சோல்பி தன் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளிவிடுவாள்.

"அக்கா, அப்போ உனக்கு?"

"இதைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது. தின்னுட்டு அந்த ரெண்டாவது வரியை இன்னொரு வாட்டி பாடு. வாசக்கதவுல வாலு மாட்டின பூனை மாதிரி கத்துற."

தூனா வாயில் கிழங்கோடு பாடுவாள். நாங்கள் சிரிப்போம். சோல்பி சொன்னால் அவள் கிணற்றில்கூடக் குதிப்பாள் என்று நான் கேலி செய்வேன்.

சோல்பிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மேடை. அதற்காகப் பள்ளியைப் பாதியில் விட்டாள், அம்மாவோடு சண்டை போட்டாள், முட்டி வீங்கிய காலில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு ஆடினாள். அவள் ஆடிப் பாடித் தப்பு செய்து நான் பார்த்ததில்லை.

மாதக் கடைசியில் இயக்குநர்கள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்ப்பார்கள். அந்த மாதம் புதுக்குழுவுக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று முன்பே தெரியும். ஆட்டத்தின் நடுவில் தூனாவுக்கு அடுத்த அசைவு மறந்துவிட்டது. அப்படியே நின்றாள். சோல்பி தன் இடத்திலிருந்து நழுவி அவள் இடத்தை நிரப்பி, தோளால் லேசாக இடித்து அவளை மறுபடி ஆட்டத்துக்குள் தள்ளிவிட்டாள். 'குழுவில் ஓட்டை தெரியக் கூடாது' என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

முடிந்ததும் பெரிய இயக்குநர் சோல்பியைக் கூப்பிட்டார்.

"நீ தப்பே பண்றதில்லம்மா. ஆனா பாட்டு முடிஞ்சதும் உன் மூஞ்சி எனக்கு ஞாபகம் வரல. அந்தச் சின்னப் பொண்ணு தடுமாறி நின்னா பாரு, நாங்க எல்லாரும் அவளைத்தான் பாத்தோம்."

வருடக்கணக்காகத் தப்பு செய்யாதே, தப்பு செய்யாதே என்று அச்சில் வார்த்தது போல ஆக்கிவிட்டு, கடைசியில் அச்சு மாதிரி இருக்கிறாய் என்று குறை சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆளின் தேநீர்க் கோப்பையைப் பிடுங்கி அவர் மடியிலேயே கவிழ்க்கத் தோன்றியது. சோல்பி குனிந்து நன்றி சொன்னாள்.

தூனா தேர்வானாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

"அக்கா, நான் வரலைன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லித்தான் பாரேன், காலை ஒடிச்சிடுவேன். மூஞ்சிய கழுவிட்டு கிளம்பு."

கிளம்பினாள். வேறு விடுதி, வேறு போன் எண். அதன் பிறகு நாங்கள் அவளை விளம்பரப் பலகைகளில்தான் பார்த்தோம்.

என்னையும் அதே மாதம் அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பாட்டு வராது என்பது எனக்கே தெரிந்த விஷயம், அதனால் பெரிய வருத்தமில்லை. ஒரு சின்னக் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டே மேனேஜர் வேலை பார்த்தேன். நாலு வருடம் கழித்து அங்கே ஒரு குழுவில் கடைசி நேரத்தில் ஒரு பெண் ஓடிப்போக, அதுவரை மேடைக்காகக் காத்திருந்த சோல்பிக்கு இடம் கிடைத்தது.

எங்கள் முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இருபத்து நாலுன்னு போட்டா எவன் பாப்பான்? இருபதுன்னு போட்டுடுங்க. பேரு ஹாயா."

"மேடை கிடைக்கும்ல சார்?"

"கிடைக்கும்."

"அப்போ பத்துன்னுகூடப் போட்டுக்கோங்க."

மூக்கையும் கொஞ்சம் சரிசெய்தார்கள். சோல்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எங்கம்மாவே யாரு நீன்னு கேப்பாங்கடி" என்று சிரித்தாள். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

தொலைக்காட்சியில் முதல் நிகழ்ச்சி. புதுக்குழு என்றால் கையெழுத்துப் போட்ட தங்கள் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு சீனியர்களின் அறை அறையாகப் போய்க் கும்பிட வேண்டும். அன்றைக்குப் பெரிய பேர் தூனாவின் குழுதான். "அந்த அறைக்கு நீ வர வேணாம், தலைவலின்னு சொல்லிடறேன்" என்றேன்.

"நான் மட்டும் போகலைன்னா திமிருன்னு எழுதுவாங்க. குனியறதுல எனக்கென்ன வந்துச்சு? நல்லா வந்திருக்கா. பாக்கணும்."

கதவு திறந்தது. உள்ளே தூனாவின் குழுப்பெண் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்து ரசிகர்களோடு நேரலையில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கவனிப்பதற்குள் எங்கள் பெண்கள் ஐந்து பேரும் வரிசையாகக் குனிந்து, "வணக்கம் சீனியர்!" என்று கத்திவிட்டார்கள்.

தூனா திரும்பினாள். மூக்கு மாறினால் என்ன, அந்தக் குரலைக் கேட்டுத்தானே வளர்ந்தாள். பழகிய உடம்பு, அதுவும் சட்டென்று குனிந்தது. நாட்டையே கட்டிப்போட்ட பெண், பேர் தெரியாத புதுசு ஒருத்தியின் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்தாள்.

"சோல்பி அக்கா!"

போன் கேமரா இந்தப் பக்கம் திரும்பியது. காகிதத்தில் தூனாவுக்கு இருபத்தொன்று, ஹாயாவுக்கு இருபது; அக்கா முறை வராது. சோல்பியின் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. நன்றாகத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"ஆள் மாத்திப் பாத்துட்டீங்க சீனியர். என் பேரு ஹாயா."

தூனா நிமிர்ந்தாள். அவள் கண் கேமராவுக்குப் போய்த் திரும்பியது. புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்க. எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க. உங்கள மாதிரியே இருப்பாங்க."

இசைத்தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நாங்கள் வெளியே வந்தோம். அன்று சோல்பி மேடையில் ஆடினாள். தப்பே இல்லை.

நேரலையில் கேட்ட அந்த 'சோல்பி அக்கா'வைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நாளே இணையம் அவளுடைய பள்ளிக்கூடப் போட்டோவைத் தோண்டி எடுத்தது. பேர், வயது, ஊர், பழைய மூக்கு எல்லாம் வெளியே வந்தது. முதலாளி தனக்கு எதுவும் தெரியாது என்று கையை விரித்தார். 'உடல்நிலை காரணமாக ஹாயா விலகுகிறார்' என்று இரண்டு வரி அறிக்கை. அவளுக்குக் கிடைத்த மேடை அந்த ஒன்றுதான்.

அவளை ஊருக்குப் பேருந்து ஏற்றிவிட நான்தான் வண்டியை எடுத்தேன். வழியில் ஒரு கடையில் காரக் குழம்பு மணக்க மணக்க, அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகள் போட்ட தொக்பொக்கி வாங்கிக் கொடுத்தேன். "இனிமே எடை பாக்க யாரும் இல்ல, தின்னுடி" என்றேன். இரண்டு துண்டு தின்றாள்.

வானொலியில் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. தூனாவின் குரல் வந்ததும் அணைக்கப் போனேன். சோல்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் எல்லாம் வெளிய வந்துடுச்சே. நீங்களும் ஹாயாவும் ஒரே அறையில இருந்தவங்கதானே?" என்று கேட்டார் பேட்டி எடுத்தவர். "இன்னும் ஏன் மறைக்கிறீங்க? உங்களையும் பொய்க்காரின்னு எழுதறாங்களே."

"எனக்கு அவங்களைத் தெரியாது" என்றாள் தூனா. "நான்தான் ஆள் மாத்திப் பாத்துட்டேன்."

சோல்பி தொக்பொக்கிக் கிண்ணத்தை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

"நான் ஆரம்பிச்ச பொய்யைப் பாதியில விடக் கூடாதுன்னு நெனைக்கறாடி. நான் என்ன சொன்னாலும் கேப்பா, அவ. மேடை போனா போகுது. அவ குனிஞ்சப்போ நான் ஏன்டி அவளைத் தூக்கல?"

முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் வண்டியை ஓரம் கட்டினேன்.