வெள்ளைக் கோடு மர்யுனின் இடுப்புக்கு அடியில் இருந்தது

1

இந்தக் கதை எனக்கு மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் கிடைத்தது. கிடைத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து மேஜையில் மர்யுன் பேசிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். பிறகு அவளிடமே போய், "இதை எழுதிக்கட்டுமா?" என்றேன்.

"எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாத" என்றாள்.

முதல் வரைவிலேயே அந்த நிபந்தனையை மீறிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "வாகுர் மைதானத்தின் மேல் கடற்பனி மெல்ல இறங்கி" – வேண்டாம். பனியில் ஆரம்பித்தால் ஆட்டம் தொடங்க மூன்று பக்கம் ஆகும்.

இரண்டாவது: "மர்யுன் விழுந்தபோது வெள்ளைக் கோடு அவளுடைய இடுப்புக்கு" – இது சரியான இடம்தான். ஆனால் அவள் யாரென்றே தெரியாமல் அவள் இடுப்பைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?

ஆகவே நேராகச் சொல்கிறேன். மர்யுனுக்கு முப்பத்திரண்டு வயது. பகலில் சால்மன் பெட்டிகளை அடுக்கும் வண்டியை ஓட்டுகிறாள். மாலையில் எங்கள் தீவு ஊரான வாகுரின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல் காக்கிறாள். ஐரோப்பியக் கோப்பையின் தகுதிச் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஐந்து முறை ஆடி ஐந்து முறையும் கட்டியிருந்தோம். ஆறாவது முறை எங்கள் மைதானத்துக்கே ருமேனியாவிலிருந்து ஓர் அணி வந்து இறங்கியது. அவர்களுக்கு ஆடினால் சம்பளம். எங்களுக்கு ஆடினால் விடுப்பு. (இந்த வரி எனக்கே பிடித்துப்போய்விட்டதால் விட்டுவைத்திருக்கிறேன்.)

3

அரை மணி நேரம் ஆனபோது பள்ளி ஆசிரியை பியார்த்தா எப்படியோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டுவிட்டாள். அதன்பின் எங்கள் பதினொரு பேரும் சொந்தக் கோலை விட்டு நகரவில்லை. எழுபத்தெட்டாவது நிமிடத்தில் மூலையிலிருந்து பந்து வந்தது. ருமேனிய அணியின் இலிங்கா எல்லாருக்கும் மேலே எழும்பித் தலையால் கீழ்நோக்கி அடித்தாள். மர்யுன் பின்பக்கமாகப் பாய்ந்து பிடித்தாள். பிடித்தபோது கோடு அவளுடைய இடுப்புக்கு அடியில் இருந்தது. கைகளும் பந்தும் கோட்டைத் தாண்டி உள்ளே கிடந்தன.

அது கோல்தான் என்று அவளுக்குத் தெரியும். பந்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நடுவருக்குக் கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. துணை நடுவரைப் பார்த்தார். துணை நடுவரோ நடுவரைப் பார்த்தார். அந்தச் சுற்றில் திரும்பப் போட்டுப் பார்க்கக் கேமராவும் கிடையாது. மூன்று வினாடி போயிருக்கும்.

கோல் கம்பத்தைப் பிடித்தபடி நின்ற எங்கள் தடுப்பாட்டக்காரி ரன்வா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். குனிந்து, "எந்திரி. தூக்கி உதை" என்றாள்.

மர்யுன் எழுந்தாள். உதைத்தாள். நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

(என் முதல் வரைவில் மர்யுன் எழுந்து கையை உயர்த்தி, "கோல்தான்" என்கிறாள். அரங்கம் உறைகிறது. எனக்கு எழுதும்போதே கண் கலங்கியது. மதிய இடைவேளையில் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ரை ரொட்டியில் காய்ந்த ஆட்டிறைச்சியை வைத்துக் கடித்தபடி படித்தாள்.

"யாருடி இவ?"

"நீதான்."

"நான் இப்படிக் கையத் தூக்கியிருந்தா ரன்வா என்னை அங்கயே புதைச்சிருப்பா."

பக்கத்து மேஜையிலிருந்து ரன்வா சொன்னாள்: "குழி யாரு தோண்டுறது? பக்கத்துலயே கடல் இருக்கு."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

4

ஒன்றுக்குப் பூஜ்யம். எங்கள் ஊரின் முதல் வெற்றி. மலைச்சரிவில் நின்ற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. உடை மாற்றும் அறையை நோக்கி மர்யுன் நடந்தபோது, வழியில் சுவரில் சாய்ந்து இலிங்கா நின்றிருந்தாள்.

"உள்ள போச்சா?"

"போச்சு."

(இடையில் ஒரு நீண்ட மௌனம் வைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை, உடனே சொன்னேன் என்று மர்யுன் அந்த வரியை அடித்துவிட்டாள்.)

"அப்பவே ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

இலிங்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. "உன் கையுறையைக் கொடு" என்றாள். மர்யுன் கழற்றிக் கொடுத்தாள். அவளிடம் இருந்த ஒரே நல்ல ஜோடி அது.

மூன்றாம் நாள் வேறோர் அணியோடு நடந்த அடுத்த ஆட்டத்தில் பழைய கையுறையோடு நின்று ஐந்து கோல் வாங்கினாள். கையுறை போனதால்தான் என்று ஊர் சொல்கிறது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு கையோட நின்னிருந்தாலும் அஞ்சுதான். அவங்க நம்மளவிட நல்லா ஆடுனாங்க."

எனக்குப் பிடிபடாதவள் இலிங்காதான். எதற்குக் கேட்டாள்? நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அதை விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். இன்னொன்றில் தன் அணியின் கோல்காரியிடம் கொடுத்து – அதற்கு மேல் ஓடவில்லை. மர்யுனிடம் கேட்டேன். "நானா இருந்தா குப்பைல போட்டிருப்பேன்" என்றாள். அது இலிங்காவைப் பற்றிய பதில் இல்லை.

5

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. சென்ற வாரம் கேட்டேவிட்டேன்.

"அந்த மூணு செகண்டுல நடுவர் நேரா உங்கிட்ட வந்து, உள்ள போச்சான்னு கேட்டிருந்தா?"

வேலைக்கு மணி அடித்தது. அந்தச் சத்தத்தில் பதில் கேட்கவில்லை என்று எழுதலாம். கதை எழுதுகிறவர்கள் அப்படித்தான் தப்பிப்பார்கள். எனக்கு நன்றாகவே கேட்டது. ரன்வாவுக்கும் கேட்டது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்தப் பதிலை இங்கே எழுதமாட்டேன். மர்யுன் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. இது என் முடிவு. அவள் பதிலைத் தெரிந்துகொண்டால் அவளை எடைபோட்டுவிட்டு, நீங்கள் அலுங்காமல் எழுந்து போய்விடுவீர்கள்.

ஊரே வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. பந்து உங்கள் நெஞ்சில் இருக்கிறது. நடுவர் உங்களை நோக்கித்தான் நடந்து வருகிறார்.