நடக்கும்போது அடித்த பூச்சு

2023 ஆகஸ்ட் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அங்குல உயரமுள்ள இருநூற்றுப் பதினோரு சிப்பாய்கள் ஒரு பல் மருத்துவமனையின் மூன்று படிகளையும் இறங்கி, செருப்புகள் கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, நான்கு வரிசையாகச் சாலைக்கு வந்தார்கள். முதலில் குதித்தவர்கள் கீழே நின்று தோள் கொடுக்க மற்றவர்கள் இறங்கியதால், படிகளுக்கு மட்டும் இருபது நிமிடம் ஆயிற்று. அவர்களுக்குப் பின்னால், தடுமாறி விழுபவர்களை ஏந்த ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைக் கையில் பிடித்தபடி முட்டி போட்டுத் தவழ்ந்து வந்தவள் ரோசி.

ரோசிக்கு அப்போது முப்பத்தொரு வயது. அந்த மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்வது அவள் வேலை. மற்ற பற்களின் நிறத்தைப் பார்த்து, காப்பி குடிப்பவருக்குக் காப்பி குடித்த பல்லும், வெற்றிலை போடுபவருக்கு ஓரம் சிவந்த பல்லும் செய்து தருவாள். டாக்டர் தனசேகருக்கு ஞாயிறு மதியங்களில் நண்பர்களோடு மேசை மேல் போர் விளையாடும் பழக்கம் இருந்தது. பிளாஸ்டிக்கில் பல் அச்சு எடுக்கும் முப்பரிமாணப் பிரிண்டரில் தன் படைக்கான சிப்பாய்களையும் அச்சிட்டுத் தரச் சொன்னார்; அவள் கை நுட்பத்தைப் பார்த்துவிட்டு, வண்ணமும் நீயே தீட்டிவிடு என்றார். எட்டு மாதம் தீட்டினாள். மஞ்சள் கால்சட்டை, கத்தரிப்பூ நிறத்தில் மேல்சட்டை, தொப்பிக்கு ஒரு சிவப்புக் கீற்று. தொழில் பழக்கத்தில் ஒவ்வொரு வாய்க்குள்ளும் பல்லையும் வைத்துவிட்டாள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கடைசிச் சிப்பாயின் பல் உலர்ந்ததும் முதல் சிப்பாய் கொட்டாவி விட்டு, தட்டின் ஓரம் வரை நடந்து, திரும்பி வந்தான். ரோசி தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு டாக்டரிடம் போனாள்.

“டாக்டர், இதுங்க நடக்குதுங்க.”

டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடித்திருந்தார். “சீல் பண்ணலைல்ல, அதான். ஸ்ப்ரே அடிச்சுட்டா எல்லாம் சரியாயிடும்” என்றார்.

வண்ணத்தின் மேல் காப்புப் பூச்சு அடிக்காமல் விட்டால் கை பட்டுத் தேய்ந்துவிடும் என்பது இந்தக் கலையில் எல்லோருக்கும் தெரிந்தது. ரோசி டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, மீசை வைத்த ஹவில்தார் ஒருவனை மட்டும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் அடித்துப் பார்த்தாள். அன்று தூறல். ஈரக்காற்றில் பூச்சு வெளுத்து, திருநீற்றுத் தட்டில் புரண்டு எழுந்தவனைப் போல ஆனான் ஹவில்தார். அத்தோடு அவன் நடையும் நின்றது. சல்யூட் வைத்த கை இறங்கவேயில்லை. அவள் அவனைத் தன் தையல் பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பூசாமலும் விட முடியவில்லை. நடக்க நடக்கக் குதிகால் தேய்ந்தது, துப்பாக்கி உரசித் தோள் தேய்ந்தது. வண்ணம் போன இடத்தில் பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. சாம்பல் ஆன இடம் அசையவில்லை. முட்டி வெளுத்தவர்கள் நொண்டினார்கள். கொடி பிடித்தவனுக்கு வலது கை முழங்கை வரை போய்விட்டது. ரோசி தினமும் காலையில் தொட்டுத் தொட்டுத் தீட்டினாள். மாலைக்குள் அதைவிட அதிகமாகத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவர்கள் சாலைக்கு இறங்கியபோது, பல் கட்ட வந்து காத்திருந்த ஜெனிஷ் எழுந்து ஓடிப்போய் நடுச்சாலையில் நின்று இரண்டு கைகளையும் விரித்தான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவன். கம்ப்ரசர் குழாய் துள்ளி அடித்ததில் முன்பல் இரண்டு போயிருந்தன. டவுன் பஸ், பால் வண்டி, ஏழெட்டு பைக் எல்லாம் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. படை எதிர்ப்புறம் சேர்ந்து, பேக்கரி வாசலில் கிடந்த பப்ஸ் துணுக்குகளைக் கைப்பற்றிக்கொண்டு திரும்பியது. அதுவரை ஜெனிஷ் கையை இறக்கவில்லை. ரோசிக்கு அந்த ஓட்டைப் பல் சிரிப்பைப் பார்த்ததும், இத்தனை நாளாகத் தனியாகச் சுமந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. பல் அச்சு எடுக்கும்போது சொன்னாள். வாய் நிறைய அச்சு மாவு இருந்ததால் அவனால் குறுக்கே பேச முடியவில்லை.

மாவை எடுத்ததும் சொன்னான்: “ஈரக்காத்துல அடிச்சா லாரியே வெளுத்துப்போயிருமுங்க. நல்ல வெயில்ல, ஒரு சாண் தள்ளி, கையை நிறுத்தாம ஓட்டோணும்.”

“வெளுக்கறதைச் சொல்லலைங்க. அடிச்சதும் நின்னுட்டான்.”

ஜெனிஷ் யோசித்தான். “அவனை நிக்க வெச்சுத்தானுங்க அடிச்சீங்க?”

“ஆமா.”

“அதானுங்க. நின்னது நின்னபடியே ஒட்டிப்போச்சு. நடக்கும்போது அடிச்சுப் பாக்கலாமுங்க.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ரோசி படையைப் பல்செட் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினாள். வழி நெடுக அவள் மடியில் இருநூற்றுச் சொச்சம் பேர் கால் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பட்டறையில் அன்று விடுமுறை. புதிதாகக் கட்டிய லாரியின் தளம் இருபதடி நீளம், ஓர் ஆணி கூடத் துருத்தவில்லை. சூரியன் உச்சிக்கு வந்ததும் ரோசி ஸ்பேனரால் டின்னில் தாளம் தட்டினாள், படை அணிவகுத்தது. ஜெனிஷ் ஸ்ப்ரே கன்னோடு பக்கத்தில் தரையில் நடந்தான். முதல் பூச்சு பளபளப்பு, இரண்டாவதும் பளபளப்பு. டாக்டருக்குப் பளபளப்பு பிடிக்காது என்பதால் மூன்றாவது மட்டும் மங்கல் பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது நிமிடம் வெயிலில் நடக்கவிட்டார்கள். யாரும் வெளுக்கவில்லை. யாரும் நிற்கவும் இல்லை. ரோசி தாளத்தை விட்டுவிட்டுச் சிரித்தாள். அழுகிறாளோ என்று ஜெனிஷ் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் கொடி பிடித்தவன் தளத்தின் ஓரத்திலிருந்து தவறினான். அவனைப் பிடிக்க ரோசி லாரியிலிருந்து குதித்தாள், ஜெனிஷின் கன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, மூன்றாவது பூச்சு அவள் மேல் தலை முதல் கால் வரை சீராகப் படிந்தது. கொடிக்காரன் அவள் உள்ளங்கையில் பத்திரமாக விழுந்தான். அவள் மட்டும் தரைக்கு இரண்டு விரல் மேலே நின்றுவிட்டாள்.

இருவரும் குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார்கள்.

“தப்பாப் போச்சுங்க” என்றான் ஜெனிஷ். “தின்னர் போட்டுத் தொடச்சா வந்துரும். எடுத்துரட்டுமாங்க?”

ரோசி பட்டறையின் கதவு வரை நடந்து பார்த்தாள். கீழே கிடந்த போல்ட், ஆணி, கம்பித்துண்டு எதுவும் படவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கும்போது குடைந்துகொண்டிருந்த முட்டிவலியும் இல்லை. திரும்பி வந்தாள்.

“வேண்டாங்க” என்றாள். “இருக்கட்டும்.”

தனக்கும் அடித்துவிடச் சொல்லி ஜெனிஷ் ஏழு முறை குதித்தான். ஏழு முறையும் ரோசிக்குச் சிரிப்பில் கை தவறி, பூச்சு லாரிக் கதவில் விழுந்தது. அந்த லாரி இன்றுவரை மங்காமல் ராய்ப்பூருக்கு முட்டை ஏற்றிப் போய்வருகிறது.

அந்த டிசம்பர் பிறக்கும் முன்பே இருவருக்கும் கல்யாணம். நெசவூரான இளம்பிள்ளையில் எடுத்த பட்டுச் சேலையை ரோசியின் தங்கை ஜெஸ்ஸி இரண்டு விரல் இறக்கிக் கட்டிவிட்டாள். முழந்தாளிட முடியுமா என்று மட்டும் பங்குத்தந்தை கேட்டார். பீடத்தின் முன் போட்டிருந்த மெத்தைக்குச் சற்று மேலே முடிந்தது. ஜெனிஷுக்கு அவள் செய்து மாட்டிய முன்பற்கள் அவன் சொந்தப் பற்களைவிட அழகு என்று அவன் அம்மாவே சொன்னார்.

ஒரு நொடிகூட நிற்காத படையை வைத்து மேசையில் போர் நடத்த முடியாது என்று கண்ட டாக்டர் தனசேகர், சதுரங்கத்துக்கு மாறிவிட்டார். சிப்பாய்கள் தினமும் காலையில் படியிறங்கி ஃபேர்லேண்ட்ஸைச் சுற்றி வருகிறார்கள். மழையில் நீர் அவர்கள் மேல் உருண்டு ஓடுகிறது. பஸ்காரர்கள் பிரேக் போட்டு வழிவிடுகிறார்கள். ரோசி இப்போதும் அதே பின்னறையில்தான் வேலை செய்கிறாள். கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பைத்தான் தினமும் போடுகிறாள். அடியில் ஏழாம் நம்பர் என்று ஒட்டிய சீட்டு இன்னும் உரியவில்லை.