பியூலாவுக்கு ஏறத்தான் தெரியும்

என் கணவன் ஓரினுக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் ஒரு டீசல் பிக்கப் வண்டி. பெயர் பியூலா, வயது இருபத்தெட்டு. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டவள் என்பதால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சக்களத்திச் சண்டை போடவும் எனக்கு வழியில்லை. அவள் உறுமினால் நான் பேசுவது எனக்கே கேட்காது.

அவளுக்கு நடக்கும் பணிவிடையை நீங்கள் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும் நாளில் எங்கள் வீட்டில் ஏறக்குறைய விரதம். அளவுகோலை உருவி, விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து, முகர்ந்து, வெளிச்சத்தில் காட்டி, ஓரின் தலையாட்டும் வரை யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. வயோமிங் குளிரில் டீசல் இன்ஜின் காலையில் எழுந்திருக்க வேண்டுமானால் இரவெல்லாம் அதை மின்சாரத்தில் சூடாக்கி வைக்க வேண்டும். கொட்டகையில் இருப்பதோ ஒரே ஒரு பிளக். அதில் மான்கறி வைத்திருந்த பெரிய குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தின் கடைசியில், பகலில் வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் பெட்டியைத் திறந்தால் கறி ரத்தத்தில் நீந்துகிறது. கேட்டதற்கு, "பியூலா காலைல எந்திரிக்கணுமா வேணாமா?" என்றான். நியாயம்தானே. மான் எப்படியும் எழுந்திருக்கப் போவதில்லை.

பியூலாவின் பின்னால் கோர்க்கிற மாட்டு டிரெய்லரின் கதை வேறு. அதைக் கழுவுவது மழையின் பொறுப்பு. சக்கரத்துப் பேரிங்குகளில் மட்டும் ஓரின் தன் கையால் கிரீஸ் அடைப்பான். பேரிங் போனால் நடுரோட்டில் சக்கரம் கழன்று மானம் போகுமே. டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் உண்டு. அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் டிரம்முக்குள்ளே, யார் கண்ணுக்கும் படாமல் இருக்கிறது. கண்ணுக்குப் படாததற்கு எங்கள் ஊர் ஆண்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? லொரெட்டாவின் காபிக்கடையில் இருபது வருடமாக அவர்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். "உன் வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்காத ஆளில்லை. நிற்குமா என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் கிடாரிகளை ஏற்றும் நாள் வரும் வரை.

பதினொரு கிடாரிகள். எல்லாம் தாய் செத்தோ, தாய் ஒதுக்கியோ தனித்து நின்ற கன்றுகள். பக்கத்துப் பண்ணைகளில் இது பிழைக்காது என்று கைவிட்டவற்றைத் தூக்கி வந்து, அடுப்படியில் போட்டு, புட்டியில் பால் கொடுத்து வளர்த்தேன். ஓரினின் மந்தையில் அவனுடைய அப்பாவின் சூட்டுக்குறிதான் இருக்கும். இவை பதினொன்றின் விலாவில் மட்டும் என்னுடைய குறி. அத்தனையும் முதல் சினை. பிக்ஹார்ன் மலைக்கு அந்தப் பக்கம் ஆர்டித் என்கிற சிநேகிதி தன் மேய்ச்சல் நிலத்தில் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். வசந்தத்தில் அவை ஈன்றால் எனக்கென்று ஒரு மந்தை. வழியில் ஏதாவது ஆனால் இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து புட்டியைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. அதுதான் உண்மை.

பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டிடம் புது வண்டி இருந்தது. அதே நாளில் அவன் காலி டிரெய்லரோடு மலையைத் தாண்டிப் போகிறான், திரும்பும்போது ஒரு காளையை ஏற்றி வர. போகிற வழிதானே, உன் கிடாரிகளை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று வாசலில் நின்று சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் ஓரின் பதில் சொல்லிவிட்டான்.

"டெல்பர்ட், ஒன் வண்டி சத்தமும் போடாது, பொகையும் விடாது. அது ஓடுதா தூங்குதான்னு ஒனக்கே தெரியாது. அதுல மாடு ஏத்துனா மாடே சிரிக்கும்பா."

டெல்பர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சரி, ரோட்டில் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மாடு, என் மேய்ச்சல், என் சிநேகிதி. மறுக்கிற உரிமை மட்டும் ஓரினுக்கு. ஆனாலும் ஏற்றினேன். பனி விழுந்து மலைப்பாதையை மூட அதிக நாள் இல்லை.

ஏற்றத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். பியூலா ஏறினாள். பதினொரு கிடாரிகளையும் இழுத்துக்கொண்டு, ஊரையே கறுப்பாக்குகிற புகையைக் கக்கிக்கொண்டு, ராணி மாதிரி ஏறினாள். பாதி மலையில் டெல்பர்ட் முன்னால் போய்க்கொண்டிருந்தான், நிதானமாக. ஓரின் காலை அழுத்தினான். பக்கத்தில் வந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி மரியாதை செய்தான். எங்கள் பக்கத்தில் எதிரே வருகிற எவருக்கும் செய்கிற மரியாதைதான் அது. முந்திக்கொண்டு போகும்போது செய்தால் அதற்குப் பெயர் வேறு. டெல்பர்ட்டும் சிரித்துக்கொண்டே விரலைத் தூக்கினான். பாவம், பந்தயம் நடக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. ஓரின் மட்டும் அதில் ஜெயித்தான்.

உச்சியைத் தாண்டினால் முதலில் ஒரு சின்ன இறக்கம், அப்புறம் ஒரு சமவெளி. பெரிய இறக்கம் அதற்குப் பிறகுதான். சமவெளியின் முடிவில் வண்டிகளை ஓரங்கட்டிப் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். நான் கத்தியதால் ஓரின் நிறுத்தினான். இறங்கி, டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து டிரம்மின் மேல் கை வைத்துப் பார்த்தான். பிறகு என்னையும் கூப்பிட்டு வைத்துப் பார்க்கச் சொன்னான்.

"பாத்தியா? ஐஸ் மாதிரி இருக்கு. இவ்வளவு தூரம் வந்தும் ஒரு பேரிங் கூட சூடாகல. எல்லாம் என் கையால அடைச்ச கிரீஸ்."

உண்மைதான். ஜில்லென்று இருந்தது. நான் முன்னால் போய்ப் பியூலாவின் சக்கரத்துப் பக்கம் கையை நீட்டினேன். வைக்கவே முடியவில்லை, அனல் அடித்தது. அந்தச் சின்ன இறக்கத்தில் இரண்டும் சேர்ந்துதானே பிரேக் பிடித்தன, இவள் கொதிக்கும்போது அது மட்டும் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டேன். உழைக்கிறவளுக்கு உடம்பு சூடாகத்தான் செய்யும் என்றான் ஓரின், பெருமையாக. எனக்கு என்னவோ இடறியது. ஒரு வீட்டில் ஒருத்தி வியர்த்துக் கொட்டுகிறாள், இன்னொருவருக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை என்றால், அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அதைச் சொல்லியும் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே டிரெய்லர் பிரேக்குக்கான சின்னப் பச்சை விளக்கைக் காட்டினான். எரிகிறது பார் என்றான். எரிந்தது, அழகாக.

பெரிய இறக்கத்தில் இரண்டாவது வளைவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஓரினுக்கு ஒரு வளைவு தாமதமாகப் புரிந்தது. பியூலா வேகம் எடுத்தாள். பிரேக்கில் காலை வைத்தான், கொஞ்சம் குறைந்தது. காலை எடுத்தான், மறுபடி வேகம் எடுத்தாள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு கைப்பிடி உண்டு. அதை நசுக்கினான். பச்சை விளக்கு இன்னும் பிரகாசமாக எரிந்தது, பின்னால் மின்சாரம் போகிறது என்று சொல்ல மட்டுமே அதற்குத் தெரியும். பின்னால் ஒன்றும் பிடிக்கவில்லை. டிரம்முக்குள்ளே பிடிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை, என்றைக்கோ தேய்ந்துபோயிருக்கிறது. டிரெய்லரும் பதினொரு சினைக் கிடாரிகளும் சேர்ந்து பியூலாவை முதுகில் தள்ளிக்கொண்டிருந்தன. பழைய டீசல் இன்ஜினுக்கு இழுக்கத் தெரியும், தடுக்கத் தெரியாது. தடுக்க வேண்டுமானால் தனியாக ஒரு சாமான் மாட்ட வேண்டும். ஓரின் அதற்குப் பதில் பெரிய டர்போவாக வாங்கி மாட்டியிருந்தான், இன்னும் நன்றாக ஏறுவதற்கு.

கியரைத் தாழ்த்தப் பார்த்தான். அதற்கான நேரம் மேலே சமவெளியிலேயே முடிந்துவிட்டிருந்தது. இன்ஜின் அலறியது, வேகம் குறையவில்லை. தீய்ந்த நாற்றம் உள்ளே வந்தது. பிரேக் மிதிகட்டை தரை வரை போவதை என் கண்ணால் பார்த்தேன். இருபத்து மூன்று வருடமாக அந்த மனிதனைப் பேச்சில் விட்டு வைக்காதவள் நான். அப்போது நான் செய்தது காதைப் பின்பக்கம் கொடுத்தது மட்டும்தான். பின்னால் தகரத்தில் குளம்புகள் வழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. என் அடுப்படியில் படுத்திருந்த குளம்புகள்.

அடுத்த வளைவுக்கு முன்னால், பிரேக் போன வண்டிகளுக்காக மலையோரமாக ஒரு ஜல்லிப் பாதை மேல்நோக்கி ஏறுகிறது. உள்ளே விட்டால் ஜல்லி அச்சு வரை விழுங்கி நிறுத்திவிடும். வெளியூர் லாரிக்காரர்கள் அதில் ஏறினால் அனுதாபப்படுவோம். உள்ளூர்க்காரன் ஏறினால் அவன் கதி அவ்வளவுதான். ஓரினின் சித்தப்பா மகன் வெர்லின் வாலிபத்தில் ஒருமுறை ஏறினான். அவன் கல்யாணத்தில் தூவுவதற்கு அரிசிக்குப் பதில் ஜல்லி கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அவன் பிறந்தநாளுக்கு யாராவது ஒரு வாளி ஜல்லியை வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பயந்தே பிரேக்கை எரித்துக்கொண்டு அடிவாரம் வரை உருண்டு போன வீரர்கள் எங்கள் ஊரில் உண்டு. எல்லாரும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது.

ஓரினும் அந்த வீரர்களில் ஒருவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதையின் பலகை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அவன் திருப்பினான். "புடிச்சுக்கோ வெல்டா" என்றான், அவ்வளவுதான். கூரையில் கல்மாரி பெய்கிற சத்தம். பெல்ட் என் தோளை அறுத்தது. பிறகு ஒன்றுமே இல்லை.

பியூலாவின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. முன்சக்கரங்கள் முழுதாக ஜல்லிக்குள். ஓரின் இறங்கினான். நான் வசவை உருட்டி நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டேன். நேராகப் போய் இன்ஜின் மூடியைத் திறந்து, உனக்கு ஒன்றும் ஆகலையே கண்ணே என்று அவளைக் கொஞ்சப்போகிறான். அந்த நொடியில் விடுவதாக இருந்தேன்.

அவன் ஆவியைத் தாண்டிப் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரெய்லரின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினான். நான் ஓடிப் பார்த்தபோது ஒரு கிடாரி கால் மடிந்து கிடந்தது, மற்றவை அதன்மேல் நெருக்கிக்கொண்டிருந்தன. சாணத்தில் மண்டியிட்டு, தோளை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, அந்த மனிதன் முக்கிக்கொண்டிருந்தான். நானும் ஏறி வாலைப் பிடித்தேன். மூன்றாவது தடவையில் எழுந்துவிட்டது. அவன் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அசையாமல் நின்றான். ஆயிலைப் பார்க்கும்போதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அசையுது என்றான். தயாராக வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அழுதேன்.

டெல்பர்ட் அதற்குள் வந்து ஓரங்கட்டியிருந்தான். கேலி செய்யவில்லை. சம்பவ இடத்தில் கேலி செய்வது எங்கள் வழக்கமில்லை, அதெல்லாம் மறுநாள் காபிக்கடையில்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓரின்தான் அவனிடம் போனான்.

"டெல்பர்ட், ஒன் டிரெய்லர்ல எடம் இருக்கும்ல?"

"இருக்குப்பா."

"வெல்டாவோட மாடுங்க. ஏத்திக்கறியா?"

ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி ஏற்றினோம். ஜல்லியிலிருந்து இழுக்கிற பெரிய வண்டிக்காரர்களுக்குத் தகவல் சொன்னோம். சாயங்காலத்துக்கு முன்னால் வர முடியாது என்றார்கள். ஓரின் பியூலாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நீ மாடுகளோடு போ, அவர்கள் வரும் வரை நான் இருக்கிறேன் என்றான்.

"நீயும் ஏறு" என்றேன்.

"வண்டி?"

"அது அங்கேயே நிக்கட்டும். இன்னிக்குத்தான் நிக்கவே கத்துக்கிட்டிருக்கு, ஏன் கெடுக்கறே?"

அவன் பியூலாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் வந்து டெல்பர்ட்டின் வண்டியில் பின்சீட்டில் ஏறினான். இருபத்தெட்டு வருடத்தில் இன்னொருவன் ஓட்ட அவன் உட்கார்ந்து வந்து யாரும் பார்த்ததில்லை. முழங்காலை மடக்கி, சாணம் படிந்த சட்டையோடு, சீட்டில் படாமல் குறுகி உட்கார்ந்தான்.

டெல்பர்ட் கியரைத் தாழ்த்திவிட்டு மெதுவாக இறக்கத்தில் விட்டான். முதல் வளைவு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பின்னால் கிடாரிகள் அமைதியாக நின்றிருந்தன. மூன்றாவது வளைவில் ஓரின் தொண்டையைக் கனைத்தான்.

"டெல்பர்ட்."

"சொல்லுப்பா."

"எறங்கறதுக்கு முன்னாடி, மேல நிக்கறப்பவே, எந்த கியர்ல போட்டுக்கணும்?"

ஊரில் எவனிடமும் வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்காத வாய் அது. டெல்பர்ட் சிரிப்பான் என்று பயந்தேன். அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், ஓர் ஆளுக்கு இன்னோர் ஆள் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தான். ஓரின் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தான். அப்போது அவன் முகத்தைப் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியதால், அடிவாரம் வரும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.